இடிக்கப்பட்ட கோட்டையின் பெயர்

ரொறன்ரோவில் ஐபீரியப் பெயர்கள் – பகுதி 3

பெர்னாண்டோ, பீரிஸ், குரூஸ், கூஞ்ஞ, கொறேரா. இன்று ஸ்காபரோவின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தபால்பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் இந்தப் பெயர்கள் எப்படி நம்மவருக்கு வந்தன என்று சென்ற வாரம் பார்த்தோம். மன்னாரிலும் நீர்கொழும்பிலும் தூத்துக்குடியிலும் போர்த்துக்கேயர் காலத்தில் ஞானஸ்நானத்தோடு சேர்ந்து வந்த பெயர்கள் அவை. கடைசியில் ஒரு பெயரை மட்டும் தனியே எடுத்துவைத்தேன். அது போர்த்துக்கேயப் பெயரே அல்ல, அதன் ஊர் லிஸ்பனிலிருந்து வெகுதூரத்தில் மலையடிவாரத்தில் இருக்கிறது என்று சொல்லி நிறுத்தியிருந்தேன்.

அந்தப் பெயர் சேவியர்.

ரொறன்ரோவில் இந்தப் பெயர் ஒரே உருவத்தில் இல்லை. கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர் இடாப்பு வாசிக்கும்போது சேவியர் என்று வரும், சவரிமுத்து என்று வரும், சவேரியான் என்றும் வரும். எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அவற்றைச் சுமக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அது தாத்தாவின் பெயர். கனடாவுக்கு வந்த பிறகுதான் அது குடும்பப்பெயர் ஆனது. எப்படி ஆனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையின் சாவி அங்கேதான் இருக்கிறது.

குடிவரவுப் படிவத்தில் பெயருக்கு இரண்டு பெட்டிகள். ஒன்று குடும்பப்பெயருக்கு, மற்றது சொந்தப்பெயருக்கு. நம் வழக்கத்தில் அப்பாவின் பெயர் முதலெழுத்தாக முன்னே நிற்கும், அதன் பின்னே நம் பெயர் வரும். முடிந்தது. குடும்பப்பெயர் என்று தலைமுறை தலைமுறையாகத் தொடரும் ஒன்று பெரும்பாலானவர்களிடம் இல்லை. ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பெயர்கள் நான் வைத்தவை, நடந்தது பல வீடுகளில் நடந்தது. அப்பா சவரிமுத்து. மூத்தவர் அந்தோனி 1980களின் கடைசியில் வந்தார். அப்பாவின் பெயரைக் குடும்பப்பெயர்ப் பெட்டியில் எழுதினார். அவர் அந்தோனி சவரிமுத்து. இளையவர் யோசேப்பு ஜெர்மனியில் சில வருடம் இருந்துவிட்டு வந்தார். கடவுச்சீட்டில் ‘சவரிமுத்து யோசேப்பு’ என்று இருந்த வரிசையை அதிகாரி அப்படியே எடுத்துக்கொண்டார். ஆகவே யோசேப்பு என்பதே அவருடைய குடும்பப்பெயர் ஆகி, அவர் பிள்ளைகளுக்கும் இறங்கியது. தங்கை கலியாணம் முடித்து வந்தாள், கணவனின் பெயரைப் போட்டாள். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மூவருக்கும் மூன்று குடும்பப்பெயர்கள். ஒரு காரியத்துக்கு மூவரும் சேர்ந்து போய் நின்றால், நீங்கள் கூடப்பிறந்தவர்கள்தானா என்று கேட்பார்கள். பத்திரம் காட்டி நிரூபிக்க வேண்டியிருக்கும்.

இந்தக் குழப்பம் தமிழருக்கு மட்டும் உரியது, வெள்ளைக்காரருக்குக் குடும்பப்பெயர் என்பது ஆதிமுதலே கல்லில் வெட்டியதுபோல் உறுதியானது என்று நினைத்துக்கொண்டிருந்தால், வாருங்கள், 500 வருடம் பின்னால் போவோம். சேவியர் என்ற பெயர் புறப்பட்ட வீட்டுக்கே போவோம். அங்கேயும் மூன்று சகோதரர்கள். அவர்களுக்கும் மூன்று பெயர்கள்.

*

இன்றைய ஸ்பெயினின் வடக்கே, பிரனீஸ் மலைகளுக்குத் தெற்கே, நவார் என்ற நாடு இருந்தது. தனி அரசு, தனி அரசர். அதன் கிழக்கு எல்லையில், அராகன் நாட்டைப் பார்த்தபடி ஒரு சிறு கோட்டை. நவார் மக்களில் பலர் பேசியது பாஸ்க் மொழி. ஐரோப்பாவின் வேறெந்த மொழியோடும் உறவில்லாத தனிமொழி அது. அந்த மொழியில் ‘எச்சே’ என்றால் வீடு, ‘பெர்ரி’ என்றால் புதியது. புதுவீடு என்ற பொருளில் எச்சேபெர்ரி என்று தொடங்கிய ஊர்ப்பெயர், நாவில் தேய்ந்து தேய்ந்து ஷவியேர் ஆனது. எழுத்தில் சேவியர்.

பாஸ்க் வழக்கத்தில் மனிதர் வீட்டுக்குப் பெயர் கொடுப்பதில்லை, வீடுதான் மனிதருக்குப் பெயர் கொடுக்கும். எந்த வீட்டில் இருக்கிறாரோ, எந்த வீட்டைச் சுதந்தரிக்கிறாரோ, அந்த வீட்டின் பெயர் அவருக்கு ஒட்டும். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் வளவின் பெயரைச் சொல்லி ஆளைச் சுட்டுகிறவர்களுக்கும், நாஞ்சில் நாட்டில் வீட்டுப்பெயர் சொல்லிப் பழகியவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கோட்டையில் 1506 ஏப்ரல் 7ஆம் தேதி ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. கடைக்குட்டி. தந்தை ஹுவான் தெ ஹாஸ்ஸோ, இத்தாலியின் பொலோஞ்ஞாவில் சட்டம் படித்துப் பட்டம் பெற்றவர், நவார் அரசரின் ஆலோசனைச் சபைக்குத் தலைவர். ஹாஸ்ஸோ என்பது மலைக்கு அப்பால், இன்று பிரான்சில் இருக்கும் ஓர் ஊர். தாய் மரியா தெ அஸ்பில்குவேத்தா. கோட்டை அவர் வழியாக வந்த சொத்து. தாயின் சீதனத்தில் வந்த வீடு என்று நம் பாஷையில் சொல்லலாம்.

இப்போது பிள்ளைகளைப் பாருங்கள். மூத்த மகன் மிகேல் கோட்டைக்கு வாரிசு, ஆகவே மிகேல் தெ சேவியர். இரண்டாவது மகன் ஹுவான் தாய்வழிப் பெயரை எடுத்துக்கொண்டார், அவர் கப்டன் அஸ்பில்குவேத்தா. கடைக்குட்டி பிரான்சிஸ்கோவுக்குத் தந்தைவழிப் பெயரும் இருந்தது, கோட்டையின் பெயரும் இருந்தது. ஆவணங்களில் ஹாஸ்ஸோ என்றும் வருவார், சேவியர் என்றும் வருவார். ஒரே கூரையின்கீழ் மூன்று குடும்பப்பெயர்கள், அதைப்பற்றி அந்த வீட்டில் யாருக்கும் எந்தக் கவலையும் இல்லை. ஸ்பெயினில் ஒவ்வொரு குடிமகனுக்கும் தந்தைவழி ஒன்று, தாய்வழி ஒன்று என்று இரண்டு குடும்பப்பெயர்கள் பதிவேட்டில் உறுதியாகக் குந்தியது 1870இல் குடிப்பதிவுச் சட்டம் வந்த பிறகுதான். படிவமும் பெட்டியும் வந்த பிறகு அங்கேயும் பெயர் உறைந்தது.

சரி, கோட்டைக்குத் திரும்புவோம். கடைக்குட்டிக்கு ஆறு வயது. 1512. பக்கத்து நாடான கஸ்தீலியாவின் படைகள் நவாருக்குள் நுழைந்தன.

*

ஆல்பா கோமகனின் தலைமையில் வந்த அந்தப் படைக்கு முன் நவார் சில வாரங்களே தாக்குப்பிடித்தது. அரசர் மலை தாண்டி ஓடினார். சட்டம் படித்த ஹுவான் தெ ஹாஸ்ஸோ அரசு போன துயரத்தில் மூன்று வருடம் வாழ்ந்து 1515இல் இறந்தார். அடுத்த வருடம் நவார் அரசரை மீட்க ஒரு கிளர்ச்சி எழுந்து தோற்றது. தோற்றவர்களின் கோட்டைகளை இடித்துத் தள்ளும்படி கஸ்தீலியாவின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த கர்தினால் சிஸ்னேரோஸ் கட்டளையிட்டார்.

இடிப்பவர்கள் சேவியர் கோட்டைக்கும் வந்தார்கள். வெளி மதிலை உடைத்தார்கள். வாசல்களைத் தகர்த்தார்கள். வட்டக் கோபுரங்களை வீழ்த்தினார்கள். அகழியை மண்போட்டு மூடினார்கள். நடுவில் நின்ற புனித மிக்கேல் கோபுரத்தின் உயரத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். குடியிருக்க இடம் விட்டார்கள், மானத்தோடு நிற்க ஒன்றையும் விடவில்லை. விதவைத் தாயின் பக்கத்தில் நின்று இதையெல்லாம் பார்த்த பிள்ளைக்கு அப்போது பத்து வயது. எங்கள் தலைமுறையில் வீடு தரைமட்டமாவதைப் பத்து வயதில் பார்த்த பிள்ளைகள் எத்தனையோ பேர் இதே ரொறன்ரோவில் இன்று நரைத்த தலையோடு இருக்கிறார்கள். அந்த வயதில் பார்த்தது மறக்காது என்பதை அவர்களிடம் கேட்டால் தெரியும்.

1521 மே மாதம், நவார் மறுபடி எழுந்தது. பிரெஞ்சுப் படை துணைக்கு வந்தது. சேவியர் சகோதரர்கள் மிகேலும் ஹுவானும் அந்தத் தரப்பில் சேர்ந்தார்கள். இலக்கு பம்ப்லோனா நகர். நகரம் கதவைத் திறந்துவிட்டது, உள்ளே இருந்த கோட்டை மட்டும் பணியவில்லை. சரணடைவோம் என்று மற்றவர்கள் சொன்னபோதும், முடியாது, நின்று அடிப்போம் என்று பிடிவாதம் பிடித்தவர் கஸ்தீலியத் தரப்பின் ஒரு சிறு அதிகாரி. அவரும் பாஸ்க்காரர். மே 20ஆம் தேதி வந்த பீரங்கிக் குண்டு அவருடைய ஒரு காலை நொறுக்கி மற்றக் காலையும் காயப்படுத்தியது. அவர் விழுந்ததும் கோட்டை விழுந்தது.

ஆனால் வெற்றி சில வாரம்தான் நிலைத்தது. நவார் மறுபடி கஸ்தீலியரின் கைக்குப் போனது. சகோதரர்கள் தலைக்கு விலை வைக்கப்பட்டவர்களாக அலைந்து, 1524இல் பேரரசர் சார்ல்ஸின் மன்னிப்புக் கிடைத்து, பாதிக் கோபுரம் நின்ற வீட்டுக்குத் திரும்பினார்கள். கால் நொறுங்கிய அந்த எதிரி என்ன ஆனார் என்று விசாரிக்க அவர்களுக்கு எந்தக் காரணமும் இருந்திருக்காது.

அவர் நொண்டியபடி பாரிஸுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

*

வாளெடுத்த அண்ணன்மார் தோற்ற வீட்டில், தம்பி பேனாவை எடுத்தார். 1525இல் பாரிஸ் பல்கலைக்கழகம், சாந்த் பார்ப் கல்லூரி. அறைத்தோழர் சவோய் நாட்டு ஆட்டிடையரின் மகன் பியேர் ஃபாவ்ர். அழகன், ஓட்டக்காரன், உயரம் தாண்டுவதில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்த பிரான்சிஸ்கோவின் எண்ணமெல்லாம் படித்துப் பட்டம் பெற்று, பம்ப்லோனாப் பேராலயத்தில் ஒரு நல்ல பதவியில் அமர்ந்து, குடும்பத்தின் இழந்த பெருமையை மீட்பதில் இருந்தது. அதற்கு ஒரு பத்திரம் தேவைப்பட்டது. தான் பிரபு குலத்தவன் என்று நீதிமன்றத் தீர்ப்பு. 1531இல் அதற்கு ஊரில் வழக்குத் தொடுக்க ஏற்பாடு செய்தார். கோட்டையை இடிக்கலாம், பெயரை இடிக்க முடியாது என்பதைச் சட்டப்படி நிறுவும் முயற்சி அது என்றே நான் படிக்கிறேன்.

ஆனால் 1529இலேயே அந்த அறைக்கு மூன்றாவதாக ஒருவர் வந்துவிட்டார். வயது நாற்பதை நெருங்கியவர், கிழிந்த உடை, ஒரு கால் இழுப்பு. பெயர் இஞ்ஞிகோ தெ லொயோலா. பம்ப்லோனாவில் குண்டடிபட்டு விழுந்த அதே மனிதர். உலகம் அவரை இஞ்ஞாசியார் என்று அறிகிறது.

தன் அண்ணன்மார் எந்தத் தரப்பில் நின்றார்களோ அந்தத் தரப்பின் குண்டு பட்டவரோடு ஒரே அறையில் படுத்தெழும்ப வேண்டும். பிரான்சிஸ்கோ முதலில் விலகியே நின்றார். இஞ்ஞாசியார் அவசரப்படவில்லை. வருடக்கணக்கில் காத்திருந்தார். 1534 ஆகஸ்ட் 15ஆம் தேதி பாரிஸின் மொன்மார்த்ர் குன்றில் ஏழு பேர் வறுமைக்கும் கற்புக்கும் வாக்குக் கொடுத்தார்கள். ஏழு பேரில் ஒருவர் பிரான்சிஸ்கோ.

அடுத்த வருடம் மார்ச் 25ஆம் தேதி பிரான்சிஸ்கோ அண்ணன் கப்டன் அஸ்பில்குவேத்தாவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தன்னைப்பற்றி ஊருக்கு வந்த பொல்லாத கதைகளை நம்பவேண்டாம், இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் எனக்குச் செய்த நன்மையை என் வாழ்நாளில் தீர்க்கமுடியாது, அவரை நானாகவே நினைத்து வரவேற்கவும் என்பது அதன் சாரம். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் வாசலில் போய் நின்றவர் இஞ்ஞாசியார். 14 வருடத்துக்கு முன் எதிரெதிர்த் தரப்பில் நின்றவர்கள் நேருக்கு நேர் சந்தித்த அந்த வாசலை எந்த ஓவியராவது வரைந்திருக்க வேண்டும்.

1536இல் வழக்கின் தீர்ப்பு வந்தது. ஆம், அவர் பிரபு குலத்தவரே. பத்திரம் தயார். ஆனால் பத்திரம் கேட்டவருக்கு இனி அது தேவைப்படவில்லை.

*

1540இல் போர்த்துக்கல் அரசர் இந்தியாவுக்குக் குருக்களைக் கேட்டார். இஞ்ஞாசியார் தேர்ந்த இருவரில் ஒருவர் பொபதில்யா. அவர் காய்ச்சலில் விழுந்தார். அந்த இடத்துக்கு அவசர அவசரமாகப் போடப்பட்டவர் பிரான்சிஸ்கோ. ஒருவருடைய காய்ச்சலால்தான் இன்று உலகெங்கும் சவரிமுத்துகள் இருக்கிறார்கள். 1541 ஏப்ரல் 7ஆம் தேதி, தன் 35ஆவது பிறந்தநாளில், லிஸ்பனில் கப்பலேறி, 13 மாதம் கழித்து 1542 மே 6ஆம் தேதி கோவாவில் இறங்கினார். அந்த வருடம் ஒக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். மணப்பாடு, தூத்துக்குடி, புன்னைக்காயல். பரதவர்கள் 1535க்கும் 1537க்கும் இடையில் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் செபம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. தமிழறிந்தவர்களை உட்காரவைத்து செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியை ஆட்டியபடி தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூப்பிட்டுத் திரிந்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதினார்.

அந்தக் கை இந்தக் கதையில் மறுபடி வரும். அதற்கு முன், அந்தப் பெயரைத் தமிழர் எப்படிக் கேட்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டும்.

16ஆம் நூற்றாண்டில் அவர் தன் பெயரைச் சொல்லியிருக்கக்கூடிய ஒலி ஷவியேர். போர்த்துக்கேயரும் அப்படியே சொன்னார்கள். கடற்கரைத் தமிழர் அதைச் சவேரியார் என்று பிடித்துக்கொண்டார்கள். அதன் பிறகு ஸ்பானிய மொழியில் ஒலிகள் மாறின. முன்னெழுத்தின் ‘ஷ’ தொண்டைக்குள் போய் ‘ஹ’ ஆயிற்று. இன்று மட்ரிட்டில் அவரை ஹவியேர் என்பார்கள். ஆங்கிலேயர் அதை வேறுவிதமாக வாசித்து சேவியர் ஆக்கினார்கள். ஆக, ஸ்காபரோவில் ஒரு பாட்டி ‘சவேரியாரே’ என்று கும்பிடும்போது, மட்ரிட்டில் வாழும் ஸ்பானியரைவிட அந்த மனிதரின் காதில் விழுந்த ஒலிக்கு நெருக்கமாகச் சொல்கிறாள். எனக்கு இது சாதாரண விஷயமாகப் படவில்லை.

1552 டிசம்பர் 3ஆம் தேதி சீனக் கரையோரத் தீவொன்றில் அவர் இறந்தார். 1622 மார்ச் 12ஆம் தேதி இஞ்ஞாசியாரோடு ஒரே நாளில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதோடு அந்தப் பெயரின் தலைவிதி மாறியது. அதுவரை ஒரு வீட்டுக்காரர்களின் பெயராக இருந்தது, இனி யார் வீட்டுப் பிள்ளைக்கும் வைக்கக்கூடிய பெயர். நம்மவர்கள் அதோடு முத்துவைச் சேர்த்தார்கள், அப்பனைச் சேர்த்தார்கள், ராயனைச் சேர்த்தார்கள், அம்மாளைச் சேர்த்தார்கள். தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் தகப்பன் பெயர் சவரிமுத்துப் பிள்ளை. ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கரம்பொனில் 1913இல் பிறந்து சேவியர் என்று ஞானஸ்நானம் பெற்ற ஒருவர், பின்னாளில் முன்னோர் ஒருவரின் பெயரைச் சேர்த்துக்கொண்டு சேவியர் தனிநாயகம் அடிகள் ஆனார். 1554இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ் செபநூலைத் தமிழ் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். முதல் சேவியர் கடற்கரையில் கற்பித்த காலத்துத் தமிழைத் தேடிப்போய் எடுத்தவரின் பெயரும் சேவியர்.

கனடாவுக்கு இந்தப் பெயர் தமிழரோடுதான் வந்தது என்று எண்ணவேண்டாம். 17ஆம் நூற்றாண்டிலேயே, இஞ்ஞாசியார் தொடங்கிய யேசுசபையின் பிரெஞ்சுக் குருக்கள் கொண்டுவந்துவிட்டார்கள். மொன்றியலுக்கு அருகே மோஹாக் மக்கள் வாழும் கானவாகேயில், 2012இல் புனிதராக்கப்பட்ட கத்தேரி தெகக்விதாவின் உடல் இருக்கும் கோயில் புனித பிரான்சிஸ் சவேரியார் கோயில். கியூபெக்கில் பிரான்சுவா சேவியர் என்ற பெயர் தலைமுறைகளாக உண்டு. நம்மவர்கள் அதே பெயரோடு மற்றப் பக்கத்துக் கடலால் வந்து சேர்ந்தார்கள். வந்த இடத்தில் பெட்டி நிரப்பியபோது, நூற்றாண்டுகளாக ஆட்பெயராக அலைந்தது மறுபடி குடும்பப்பெயர் ஆனது. எச்சேபெர்ரி வீட்டில் புறப்பட்டது ஸ்காபரோவில் வீட்டுப்பெயராகக் குடியேறியது.

2018 ஜனவரியில் சவேரியாரே வந்தார். உடல் கோவாவில் இருக்கிறது. 1614இல் வெட்டி ரோமுக்கு அனுப்பப்பட்ட வலது முன்கை அங்கே ஜெசு ஆலயத்தில் இருக்கிறது. அந்தக் கையைக் கனடாவின் நகரங்களுக்குக் கொண்டுவந்தார்கள். விமானத்தில் சாமான்கள் வைக்கும் அறையில் போடவில்லை, பயணிகளோடு அதற்கென்று தனி இருக்கை. ரொறன்ரோவிலும் மக்கள் வணக்கத்துக்கு வைத்தார்கள். முத்துக்குளித்துறையில் ஓய்ந்துபோன அதே கை. அந்தக் கையால் தண்ணீர் வாங்கிய தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள் வாழும் நகரத்துக்கு, பனிக்காலத்தின் நடுவில் வந்து போனது.

ஆனால் அந்தக் கை தொடாத ஓரிடம் உண்டு. 1544இல் மன்னார்த் தீவிலிருந்து சவேரியாருக்கு ஓர் அழைப்பு வந்தது. பட்டிம் என்ற ஊர், கடலை நம்பி வாழ்ந்த மக்கள். எங்களுக்கும் ஞானஸ்நானம் வேண்டும், வாருங்கள் என்றார்கள். அவரால் அப்போது அங்கு போகமுடியவில்லை. தன் இடத்தில் வேறொரு குருவை அனுப்பினார். குரு வந்தார், ஞானஸ்நானம் கொடுத்தார், நூற்றுக்கணக்கானவர்கள் புதுப்பெயர் பெற்றார்கள்.

மன்னார் அப்போது யாழ்ப்பாண அரசின் ஆட்சிக்குள் இருந்தது. செய்தி நல்லூருக்குப் போனது. சங்கிலி மன்னன் ஆள் அனுப்பி விசாரிக்கவில்லை. படையைத் தானே நடத்திக்கொண்டு மன்னாருக்குப் புறப்பட்டான்.

(தொடரும்)